எந்தப் புத்தகத்தைக் கெடுப்பது?

என் மேஜை இழுப்பறையில் மூன்று நோட்டுப் புத்தகங்கள் கிடக்கின்றன. மூன்றும் பரிசாக வந்தவை. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பக்கத்தில் அடையாளம் வைக்க நாடாகூட உண்டு. இரண்டில் முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்றாவதில் பெயரும் பாதிதான். பேனா மை இழுவியதும் 'சே' என்று மூடி வைத்தவன், அப்புறம் திறக்கவே இல்லை. நோட்டு அழகாக இருக்க இருக்க அதில் கை வைக்கப் பயம் கூடுகிறது.

அதனால், "இவளுக்குக் கையால ஏதாவது செய்யவைக்கிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுடா" என்று அக்கா கேட்டபோது எனக்கும் சேர்த்தே தேட ஆரம்பித்தேன். அக்கா மகளுக்கு 11 வயது. நன்றாக வரைவாள். ஆனால் ஒரு கோடு பிசகினாலும் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். எதை வாங்குவது என்பதைக் கடைசியில் இந்தச் சின்ன விவரம்தான் தீர்மானித்தது.

படைப்பாற்றலை வளர்க்கும் புத்தகம் என்று விற்கப்படுபவை எல்லாம் ஒரே சரக்கு இல்லை. சில கிழிக்கச் சொல்கின்றன. சில வீட்டை விட்டு வெளியே துரத்துகின்றன. சில இன்னொருவர் வரைந்த படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்கின்றன. சில வரையக் கற்றுத் தருகின்றன. அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. இரண்டை எனக்கே வாங்கிப் பயன்படுத்தினேன், மற்றவற்றை இரவல் வாங்கியும் நூலகத்தில் உட்கார்ந்தும் பார்த்தேன். எந்தப் புத்தகமும் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது வாரமும் கை அதைத் தேடிப் போகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

இந்த வகையில் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் கெரி ஸ்மித். கனடாவைச் சேர்ந்த ஓவியர், எழுத்தாளர். அவருடைய புத்தகத்தை வாங்கினால் பாதிப் புத்தகம்தான் நம் கைக்கு வருகிறது, மீதியை நாம்தான் செய்ய வேண்டும். 2007இல் 'ரெக் திஸ் ஜர்னல்' வந்தது. இந்த நாட்குறிப்பை நாசமாக்கு என்று அர்த்தம். அடுத்த ஆண்டு 'ஹவ் டு பி அன் எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி வேர்ல்ட்' (உலகத்தைத் தேடிப் போவது எப்படி என்று அர்த்தம்), 2009இல் 'திஸ் இஸ் நாட் எ புக்', 2011இல் 'ஃபினிஷ் திஸ் புக்', 2013இல் 'தி பாக்கெட் ஸ்கேவெஞ்சர்' என்று வரிசையாக வந்தன. பார்வையாளரின் கையில் ஒரு கட்டளையைக் கொடுத்து அதையே கலை என்று சொல்வது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964இலேயே வெறும் கட்டளைகளால் ஆன 'கிரேப்ஃப்ரூட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அந்தக் காலத்து ஃப்ளக்சஸ் என்ற கலை இயக்கத்தைச் சேர்ந்த பலரும் இதே விளையாட்டை ஆடினார்கள். கலைக்கூடத்துக்குள் நடந்துகொண்டிருந்த அந்த விளையாட்டு ஸ்மித்தின் கையில் பள்ளிப் பைக்குள் அடங்குகிற புத்தகமாகிவிட்டது.

அவருடைய புத்தகங்களில் நான் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது முக்கியமாக இரண்டை: நாசமாக்குவதும், உலகத்தைத் தேடிப் போவதும். ஒரே ஆள் எழுதியது, ஒரே மாதிரிக் கையெழுத்து, ஒரே மாதிரிக் கிறுக்கல் என்பதால் ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று என்று வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு நோய்க்கான மருந்து.

'ரெக் திஸ் ஜர்னல்' தொடக்கத்திலேயே முதுகை முறிக்கச் சொல்லும். புத்தகத்தின் முதுகைத்தான். பிறகு பென்சிலால் பக்கத்தில் ஓட்டை போடச் சொல்லும். காப்பியைக் கொட்டச் சொல்லும். பக்க எண்களை நீயே போட்டுக்கொள் என்று விட்டுவிடும். உயரமான இடத்துக்கு ஏறிக் கீழே போடு, கயிறு கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு நட, குளிக்கும்போது கூடக் கொண்டுபோ, ஒரு பக்கத்தைத் தொலைத்துவிட்டு அந்த இழப்பை ஏற்றுக்கொள் என்று போகும். ஒரு பக்கத்தில் பழங்களின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர்களைச் சேர்க்க வேண்டும். இன்னொரு பக்கத்தில் இரவல் வாங்கிய பேனாக்களால் மட்டுமே கிறுக்கி, யாரிடம் வாங்கியது என்று குறித்துவைக்க வேண்டும்.

கேட்டால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முதுகை முறிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. காசு கொடுத்து வாங்கிய புது அட்டையை மடக்கும்போது வந்த அந்தச் சின்னச் சத்தத்தில் உண்மையிலேயே உடம்பு கூசியது. இழுப்பறையில் கிடக்கும் மூன்று நோட்டுகளும் ஏன் காலியாக இருக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. கெட்டுவிடுமோ என்ற பயம்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே கெட்டுப்போன புத்தகத்தில் கெடுக்க என்ன மிச்சம்? இந்தப் புத்தகத்தின் உபாயம் அவ்வளவுதான்.

அதனால் இது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வரையவும் எழுதவும் ஓரளவு தெரிந்து, ஆனால் தப்பாகிவிடும் என்று தொடங்காமலே இருப்பவர்களுக்கு. பத்து வயதுக்கு மேற்பட்ட, மதிப்பெண் பழக்கம் ஏறிவிட்ட பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போய் இருபது வருடமாகப் பென்சிலைத் தொடாத பெரியவர்களுக்கும் பொருந்தும்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை வாங்கித் தருவது வீண். அந்த வயதில் கெடுக்கும் பயமே கிடையாது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதைதான். போதாக்குறைக்கு, புத்தகத்தைக் கிழிக்கலாம் என்று பெரியவர்களே அனுமதி தந்துவிட்டதால் வீட்டில் மற்ற புத்தகங்களுக்கும் அதே கதி வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் புத்தகத்தை நாசமாக்கியவர்கள் இணையத்தில் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். காப்பிக் கறையைச் சுற்றி நுணுக்கமான பூவேலை. ஓட்டைகளை வைத்து விண்மீன் கூட்டம். அழுக்கைத் தேய்க்கச் சொன்ன பக்கத்தில் அளவெடுத்த மாதிரி நிழல். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இது பயத்திலிருந்து தப்பித்ததா, அல்லது பயம் மாறுவேடம் போட்டு வந்ததா? புத்தகத்தைத் தொடங்கும் முன் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டாம் என்பது என் யோசனை. பார்த்துவிட்டால் நாசமாக்குவதிலும் போட்டி வந்துவிடும்.

பதிப்புகளில் எதை வாங்குவது என்றும் கேட்பார்கள். 2012இல் விரிவாக்கிய பதிப்பும், 2017இல் வண்ணப் பதிப்பும் வந்தன. நான் கருப்பு வெள்ளையின் பக்கம். வண்ணப் பக்கம் பார்ப்பதற்கு ஏற்கெனவே முடிந்துபோன வேலை மாதிரி இருக்கிறது. வெறும் தாளில் கறை படுவதற்கும், அழகான தாளில் கறை படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இரண்டாவதுதான் அதிகத் துணிச்சலைக் கேட்கும், ஆகவே அதுதான் சரி என்று வாதாடுபவர்களும் இருக்கலாம். மின்நூலாக மட்டும் தேடாதீர்கள், டேப்லெட்டைக் கயிறு கட்டி இழுக்க முடியாது.

இனி 'எக்ஸ்ப்ளோரர்' பக்கம் வருவோம். இதில் கிழிக்கவும் கொட்டவும் அவசியம் இல்லை. இதன் முதல் பயிற்சி, இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தபோது கவனிக்காத பத்து விஷயங்களை எழுதச் சொல்கிறது. வேகமாக, யோசித்து வடிகட்டாமல். நான் எழுதியபோது ஆறாவதோடு நின்றுவிட்டேன். ஏழாவதுக்குத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. எட்டாவது, நாற்காலியின் ஒரு கால் மட்டும் தரையைத் தொடாமல் அரை விரல்கடை உயரத்தில் நிற்கிறது என்பது. எத்தனை வருடமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன்!

ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காதில் விழும் ஒவ்வொரு ஒலியும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வரைபடமாகக் குறிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. சுவரிலும் குழாயிலும் கதவுப் பிடியிலும் முகங்களைத் தேடும் பயிற்சி உண்டு. நடந்துபோகும்போது கண்ணில் படுவதைப் பொறுக்கி வந்து, அவற்றுக்குள் என்ன உறவு என்று வகை பிரித்து அடுக்க வேண்டும். வண்ணக் கடைகளில் கிடைக்கும் மாதிரி அட்டைகளில் மனதுக்குப் பிடித்ததை எடுத்து, அதே நிறம் வெளியுலகில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். உங்கள் வாழ்க்கைக்கு நீங்களே ஒரு அருங்காட்சியகம் அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இதன் அடிப்படை. விஞ்ஞானி மாதிரிச் சேகரி, கலைஞன் மாதிரி அடுக்கு.

இது சரிசெய்யும் குறை பயம் இல்லை, சலிப்பு. "செய்ய ஒன்றுமே இல்லை", "என் வாழ்க்கையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது" என்பவர்களுக்கான புத்தகம். வரையத் தெரிய வேண்டாம், எழுத்து அழகாக இருக்க வேண்டாம். கதை எழுத விரும்புகிறவர்களுக்கு, எழுதுவதைப் பற்றிய பல புத்தகங்களைவிட இது உதவும் என்பேன். புளியமரத்தைப் பற்றி எழுதுகிறவர் அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாரா என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறதே, அந்தக் குறைக்கு இதில் வைத்தியம் இருக்கிறது.

குறை என்னவென்றால், இது மெதுவான புத்தகம். ஒரு மணி நேரம் ஒலி கேட்பதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். 'ரெக்' புத்தகத்தில் அஞ்சு நிமிடத்தில் ஒரு பக்கத்தை ஒருவழி செய்துவிடலாம், கைக்கு உடனே பலன் தெரியும். 'எக்ஸ்ப்ளோரர்' அப்படி இல்லை. எனக்கு முதல் வாரம் உற்சாகமாகப் போனது. இரண்டாவது வாரம் மழை பெய்தது, அப்புறம் வேலை வந்தது, புத்தகம் தலையணைப் பக்கத்துக்குப் போனது. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. கூட நடக்க ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது. தனியாக நின்று சாக்கடை மூடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் போகிறவர் வருகிறவர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், துணைக்கு ஒருவர் இருந்தால் அது ஆராய்ச்சி.

பலர் யோசிக்காத ஒரு நடைமுறை வித்தியாசமும் இருக்கிறது. நாசமாக்கும் புத்தகத்தை நூலகத்தில் எடுக்க முடியாது, இரவல் வாங்க முடியாது, இரண்டு பிள்ளைகள் பங்கு போட முடியாது. ஒருவர் முடித்தால் முடிந்தது. ஆளுக்கு ஒன்று வேண்டும். 'எக்ஸ்ப்ளோரர்' அப்படி இல்லை. தனி நோட்டு ஒன்றும், பொறுக்கியதைப் போட ஒரு பையும் வைத்துக்கொண்டால், நூலகப் பிரதியிலிருந்தே எல்லாவற்றையும் செய்யலாம். வீட்டில் நாலு பேரும் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பயிற்சி செய்யலாம். காசை யோசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். மொழியிலும் வித்தியாசம் உண்டு. முதல் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி எளிய ஆங்கிலம்தான், பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். இரண்டாவதில் படிக்க வேண்டியது அதிகம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது 'பாக்கெட் ஸ்கேவெஞ்சர்'. குறிப்பிட்ட பொருள்களைத் தேடிக் கண்டுபிடித்துப் புத்தகத்திலேயே ஒட்ட வேண்டும். பிறகு அதை எப்படி மாற்றுவது என்பதைக் குருட்டு அதிர்ஷ்டம் தீர்மானிக்கும். தேடலும் இருக்கிறது, கெடுத்தலும் இருக்கிறது. இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு போட்டி போட ஏற்றது. 'ஃபினிஷ் திஸ் புக்' கதை பிடிக்கும் பிள்ளைகளுக்கு. பூங்காவில் கண்டெடுத்த சிதறிய பக்கங்களை முடித்துவைக்க வேண்டிய ஒரு மர்மம் போல அது நடக்கும். 'திஸ் இஸ் நாட் எ புக்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. முதல் புத்தகத்தை முடித்தவர்களுக்கு அதே சுவையில் இன்னொரு தட்டு, அவ்வளவே.

சின்னக் குழந்தை என்றால் கெரி ஸ்மித்தையே ஒதுக்கிவிட்டு ஏர்வே துல்லே பக்கம் போகலாம். பிரான்ஸ்காரர், 1958இல் பிறந்தவர், விளம்பரத் துறையிலிருந்து குழந்தைப் புத்தகங்களுக்கு வந்தவர். அவருடைய 'பிரெஸ் ஹியர்' பிரெஞ்சில் 2010இல் வந்தது. திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அதை அழுத்து என்கிறது. அழுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் இரண்டு புள்ளிகள். ஒன்றைத் தேய்த்தால் அடுத்த பக்கத்தில் அது சிவப்பாகியிருக்கும். புத்தகத்தைக் குலுக்கினால் புள்ளிகள் சிதறும், சாய்த்தால் ஒரு பக்கமாகச் சரியும், கை தட்டினால் பெரிதாகும். உள்ளே மின்கலமும் இல்லை, பொத்தானும் இல்லை, வெறும் தாள். ஐபேட் வெளிவந்த அதே வருடத்தில் தொடுதிரை செய்வதை எல்லாம் காகிதத்தில் செய்துகாட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பக்கம் திருப்புவதுதான் மந்திரம். மூன்று வயதுக் குழந்தைக்குத் தன் விரல்தான் இதைச் செய்தது என்று தோன்றுகிறது. இதில் எழுதவோ கிழிக்கவோ ஒன்றுமில்லை, முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கலாம், குழந்தைகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள், வாசித்துக் காட்டுகிறவருக்குத்தான் களைப்பு.

அதைவிடச் சின்னக் குழந்தைக்கு இத்தாலியக் கலைஞர் புரூனோ முனாரி 1980இல் செய்த 'ஐ பிரெலிப்ரி' இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் 12 குட்டிப் புத்தகங்கள். காகிதம், துணி, மரம், பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றும் ஒரு பொருளில். படித்துக் காட்ட வரிகள் கிடையாது. தேடி வாங்குவது சிரமம். ஆனால் யோசனையைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே தைத்துவிடலாம்.

அடுத்து, பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்கள். ஸ்காட்லாந்து ஓவியர் ஜொஹானா பாஸ்ஃபர்டின் 'சீக்ரெட் கார்டன்' 2013இல் வந்து இந்த வகையையே உலகம் முழுக்கப் பரப்பியது. கையால் மையில் வரைந்த கொடிகளும் பூச்சிகளும் பக்கம் நிறைய. அவற்றுக்கிடையில் ஒளிந்திருப்பவற்றையும் கண்டுபிடிக்கலாம். இதைப் படைப்பாற்றல் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. முக்கியமான முடிவுகளை எல்லாம் அவர் எடுத்துவிட்டார், நமக்கு மிச்சம் இருப்பது நிறம் மட்டும். ஆனால் அதையே குறையாகவும் சொல்ல முடியவில்லை. நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்தவருக்கு இரவு எட்டு மணிக்கு வேண்டியது, யாரும் எந்த முடிவும் கேட்காத ஒரு தாள்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நண்பருக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தது வண்ணப் புத்தகம்தான். அங்கே போய் 'புத்தகத்தை உயரத்திலிருந்து போடு' என்றால் நர்ஸ் என்னைத்தான் கீழே போட்டிருப்பார். ஓய்வு வேண்டுமென்றால் இது. கோட்டைத் தாண்டப் பயப்படும் பிள்ளைக்கு மட்டும் இதைத் தராதீர்கள். கோட்டுக்குள் நிற்கிற பழக்கம் இன்னும் இறுகிப்போகும்.

"எனக்கு வரையவே வராது" என்று அழும் பிள்ளை வேறு வகை. அதற்குக் கிழிக்கும் சுதந்திரம் கொடுத்தால் கேலி செய்வதாக நினைக்கும். அதற்கு வேண்டியது திறமை, சின்னச் சின்னப் படிகளில். எட் எம்பர்லி 1970இல் வெளியிட்ட 'டிராயிங் புக் ஆஃப் அனிமல்ஸ்' வட்டம், முக்கோணம், சில எழுத்துகள், சில எண்கள் இவற்றை மட்டும் வைத்து, ஒவ்வொரு படியிலும் எதைச் சேர்க்க வேண்டும் என்று காட்டி, ஆமையிலிருந்து டிராகன் வரை கொண்டுபோய் விடும். பார்த்துப் போடுவது படைப்பாகுமா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. சித்திரமும் கைப்பழக்கம் என்பதை நம்புகிறவன் நான். பத்து ஆமை போட்ட பிள்ளை பதினோராவது ஆமைக்குத் தானாகவே தொப்பி வைக்கும், பார்த்திருக்கிறேன்.

எழுத்துப் பக்கம் சாய்வுள்ள பெரியவர்களுக்கு ஜூலியா கேமரனின் 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே'. 1992இல் வந்தது, 12 வாரப் பயிற்சி. தினமும் காலையில் எழுந்ததும் கையால் மூன்று பக்கம், மனதில் வருவதை அப்படியே எழுத வேண்டும். நல்லதுதான். ஆனால் இது விளையாட்டு இல்லை, விரதம். காலையில் அரை மணி நேரம் தன் கையில் இல்லாதவர்கள் இதை வாங்கி, முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.

சரி, எதுவுமே வாங்காமல் இருந்தால்? இந்தக் கேள்வியை நான் உண்மையாகவே யோசித்தேன். கெரி ஸ்மித்தின் கட்டளைகளில் பாதி, கேட்ட பிறகு யாருக்கும் தோன்றக்கூடியவை. பழைய நோட்டு ஒன்று, ஒரு டப்பா, முப்பது துண்டுச் சீட்டு போதும். வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஐந்தாறு கட்டளை எழுதி மடித்துப் போட வேண்டும். தினம் ஒன்று எடுக்க வேண்டும், எடுத்ததை மாற்றக் கூடாது. நாங்கள் செய்து பார்த்தோம். பிறர் எழுதிய கட்டளை வந்தபோது வேலை நடந்தது. தான் எழுதிய சீட்டு தனக்கே வந்தால் ஒவ்வொருவரும் சாக்கு சொன்னார்கள். அச்சடித்த புத்தகத்துக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். நமக்கு நாமே அனுமதி கொடுத்தால் மனம் நம்புவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அச்சில் "கொட்டு" என்று சொன்னால் கை கேட்கிறது. வெறும் நோட்டு, ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களுக்குப் போதும். பழக்கம் இல்லாதவர்களுக்கு அது இன்னொரு இழுப்பறைச் சமாச்சாரம்.

ஆகவே, யாருக்காவது வாங்கப் போகிறீர்கள் என்றால் வயதைப் பார்க்கும் முன் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். தாளைக் கசக்கிப் போடுகிறாரா, "போர் அடிக்கிறது" என்கிறாரா, "எனக்கு வராது" என்கிறாரா, அல்லது வெறுமனே களைத்துப்போய் இருக்கிறாரா? நாலும் நாலு புத்தகம். பரிசாகக் கொடுப்பதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'ரெக் திஸ் ஜர்னல்' புத்தகத்தின் முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் வாழ்த்து எழுதாதீர்கள். அப்புறம் யார் அதைக் கெடுப்பார்கள்? இடது கையால் எழுதுங்கள், அல்லது தேநீர்க் கோப்பையை ஒரு தடவை அதன் மேல் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

அக்கா மகளுக்கு நான் எதை வாங்கினேன் என்பது தெரிந்திருக்கும். ஆனால் நினைத்த மாதிரி நடக்கவில்லை. இரண்டாவது வாரம் போய்ப் பார்த்தால் பழ ஸ்டிக்கர்களை ஸ்கேல் வைத்து வரிசையாக ஒட்டியிருந்தாள். காப்பியைச் சொட்டுச் சொட்டாக ஃபில்லரில் விட்டுப் பூ வரைந்திருந்தாள். கையெழுத்துப் போட்டியில் வைக்கலாம், அவ்வளவு சுத்தம். கயிற்றுப் பக்கத்தையும் உயரத்திலிருந்து போடும் பக்கத்தையும் தொடவே இல்லை.

இந்தப் புத்தகத்தின் பக்கங்களில் இரண்டு வகை இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்று, கை நினைத்தால் அழகாக்கிவிடக்கூடிய பக்கங்கள். ஓட்டை, கறை, கிறுக்கல், ஸ்டிக்கர் எல்லாம் இதில் சேரும். இன்னொன்று, கைக்கு எந்த அதிகாரமும் இல்லாத பக்கங்கள்: இழுப்பது, போடுவது, நனைப்பது, தபாலில் தனக்கே அனுப்பிக்கொள்வது. தரையும் தண்ணீரும் தபால்காரரும் செய்கிற வேலையில் யாரும் நேர்த்தி பார்க்க முடியாது. சுத்தக்காரர்களுக்கு இந்தப் புத்தகத்தை வாங்கினால் இரண்டாவது வகையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வரிசைப்படிதான் போக வேண்டும் என்ற கட்டாயம் புத்தகத்திலேயே இல்லை.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கயிறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். அவள் புத்தகம் முன்னால், என் புத்தகம் பின்னால். முதல் பத்தடி அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு நாய் பின்னாலேயே வந்து கயிற்றைக் கவ்வியதும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வரும்போது அட்டையின் ஒரு மூலை போயிருந்தது. அக்கா வாசலிலேயே நின்று, "இதுக்கா காசு குடுத்து வாங்குன?" என்றாள்.

போன மாதம் அக்கா மகள் அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். பக்க எண்களைப் போட்டு முடித்திருந்தாள். "மாமா, ரெண்டு 27 இருக்கு பாருங்க" என்றாள்.

"அழிச்சு எழுதலையா?"

"எதுக்கு?" என்றாள்.